காப்புக் கட்டிய வாரத்தில் எடுத்த கணக்கு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊருக்குக் காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த பேருந்து நின்றுபோனதற்கு நான்தான் காரணம். அந்த ஊரைப் பற்றி நான் கொடுத்த கணக்கு தவறானது. கொடுக்கும்போதே அது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு அது வரைபடத்தில் ஒரு எண். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

என் வேலை போக்குவரத்துத் திட்டமிடல். மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், எதில் ஏறிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி, அதை வைத்து இன்னும் பத்து வருடத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு கூட்டம் இருக்கும், எந்த வழியில் எத்தனை பேருந்து வேண்டும் என்று கணினியில் கணித்துச் சொல்வது. கேட்க ஜோசியம் போல இருக்கும். உள்ளே போனால் பள்ளிக்கூடக் கணக்குதான். மாவட்டத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு மண்டலத்திலும் கொஞ்சம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஆள் கேட்போம்: நேற்று எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு, எதற்கு, எப்படி? அந்தப் பதில்களிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பயணம் என்று ஒரு எண் வரும். அதன்மேல்தான் மற்ற எல்லாம் எழும்பும்.

"நேற்று" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று கேட்டால் ஆள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். போன வாரம் என்றால் மறந்திருப்பார். ஆகவே நேற்று. ஆனால் அந்த நேற்று ஒரு சாதாரண நாளாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் கேட்க மாட்டோம். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பெரிய முகூர்த்த நாள் எல்லாவற்றையும் தவிர்த்துத்தான் அட்டவணை போடுவோம். அட்டவணையைச் சென்னையில் போட்டார்கள். சென்னையில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு ஊர் மாரியம்மனுக்கும் எப்போது காப்புக் கட்டுகிறார்கள் என்பது இருக்காது.

எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ஊரிலும் காப்புக் கட்டுவார்கள். பூசாரியின் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் தேர் ஓடிக் காப்பு அவிழ்க்கும் வரை யாரும் ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்க மாட்டார்கள். சில ஊர்களில் இன்னும் கண்டிப்பு. தங்குவது இருக்கட்டும், எல்லையைத் தாண்டவே மாட்டார்கள். என் அப்பா அதற்காகத் தன் சொந்தச் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கே போகவில்லை. இதையெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அந்தக் குழுவில் இருந்தேன். இந்தப் பக்கத்து ஆள் என்பதற்காகவே என்னை இங்கே மேற்பார்வைக்கு அனுப்பினார்கள்.

அது ஆடி மாதம். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஜீப் அந்த ஊருக்குள் நுழைந்தது. தெருவை மறித்து வேப்பிலைத் தோரணம். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. கணக்கெடுக்க வந்த பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். மற்ற ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், ஒரே வீட்டுக்கு மூன்று தடவை நடக்க வேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் எல்லோரும் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்கள்.

நான் ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே ஒரு படிவத்தை நிரப்பினேன். அந்த வீட்டுக்காரப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், கீரையும் கத்தரிக்காயும் போடுவார்களாம்.

"நேத்து யாரு யாரு எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் போவலீங்க சார். காப்புக் கட்டியிருக்குல்ல. ஆஸ்பத்திரிக்குன்னா மட்டும் எல்ல தாண்டுவோம்."

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் போவல, நான் போனேன். காலையில கொல்லப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். சாயங்காலம் மறுக்கா போனேன். எழுதிக்கங்க சார். எதுல போனேன்னு கேப்பீங்கள்ல? நடந்துதான்."

"அந்தக் கணக்க எழுதுனா ஒமக்குத் தனியா ஒரு பஸ்ஸு விடணும்," என்றாள் அந்தப் பெண். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நெசமா எத எழுதுவீங்க சார்? போவலன்னா?"

"நேத்து நடந்ததத்தாம்மா எழுதணும்."

"அது எப்படி? மத்த நாளெல்லாம் நான் ஏழு மணி பஸ்ஸுல கீரக்கட்டு ஏத்திக்கிட்டு அரியலூரு போறேன். எம்மவ அதே பஸ்ஸுலதான் காலேஜு போறா, மொத வருசம். காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த பஸ்ஸுல நிக்க எடம் இருக்காது சார்."

மகள் உள்ளே வாசற்படி ஓரம் நின்றிருந்தாள். கையில் ஒரு நோட்டு.

"அடுத்த செவ்வாக்கெழம தேரு. புதன்கெழம காப்ப அவுத்துடுவோம். அதுக்கப்பறம் ஒரு நாளு வாங்க. ஏழு மணிக்கு அந்தப் புங்கமரத்தடியில நின்னீங்கன்னா நீங்களே பாப்பீங்க."

"வரேம்மா," என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க."

"கண்டிப்பா வரேன்."

கிளம்பும்போது மகள் கேட்டாள். "சார், இந்தக் கணக்க வச்சு பஸ்ஸ நிறுத்திடுவாங்களா?"

"சேச்சே. கூட விடறதுக்குத்தாம்மா கணக்கே எடுக்கறோம்," என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பலூர் பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் தற்காலிக அலுவலகம். அடுத்த வாரம் வந்தது. தேர் ஓடியிருக்கும், காப்பு அவிழ்த்திருப்பார்கள். எனக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் ஆலத்தியூர்ப் பக்கம் லாரிகளை எண்ணுகிற வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எத்தனை, சிமெண்ட் ஏற்றியது எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சக்கரம் என்று மூன்று ஷிப்டு ஆள் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் எண்ணினோம். சாலைக்குப் பாரம் முக்கியம். கணக்கைக் கேட்ட அரசாங்கத்துக்கும் அதுதான் முக்கியம். இருந்த ஒரே ஜீப்பை அங்கே அனுப்பினேன். ஒரு நாள் காலையில் மூன்று மணி நேரத்துக்கு அந்த ஜீப்பைத் திருப்பியிருக்கலாம். நான் வேண்டுமானால் பேருந்திலேயே போயிருக்கலாம், அந்த ஏழு மணிப் பேருந்திலேயே. போகவில்லை. ஒரு லாரியைக்கூட விடாமல் எண்ணிய மனிதன் நான்.

படிவங்களைக் கணினியில் ஏற்றினார்கள். கணினியில் அந்தக் கணிப்பு மாதிரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர், கெட்டிக்காரர்.

"சார், இந்த மண்டலம் மட்டும் ஏன் இவ்ளோ கம்மியா இருக்கு? கிட்டத்தட்ட யாருமே வெளிய போகல."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, அது காப்புக் கட்டின வாரம், அந்தப் படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடு, நான் போய் மறுபடி எடுத்து வருகிறேன் என்று. இரண்டு நாள் தாமதம் ஆகியிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து காலையும் மாலையும் போன் வந்துகொண்டிருந்தது. அட்டவணை போட்டதில் கோட்டை விட்டீர்களா, அந்தப் பக்கத்து ஆள் என்றுதானே உங்களை அனுப்பினோம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

"சின்ன ஊரும்மா. வயல்லயே வேல. அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அவர் மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தார். "நீங்க இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்குத் தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த மண்டலத்துக்குப் போய்விட்டார்.

பேருந்தில் கிழித்த டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலும் என் பொய் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஊருக்குத் தனி ஸ்டேஜ் கிடையாது. அங்கே ஏறுகிறவர்களுக்கும் முந்தின ஊர் ஸ்டேஜிலிருந்துதான் டிக்கெட். அதனால் டிக்கெட் கணக்கில் அந்த ஊரே இல்லை. இருந்தது என் சொல் ஒன்றுதான்.

அறிக்கை போயிற்று. உள்ளே சுற்றி வருகிற பேருந்தைப் பெரிய சாலையிலேயே நேராக விட்டால் நேரமும் டீசலும் மிச்சம், விடுபடும் பயணிகள் மிகக் குறைவு என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதியவன் நான். மழைக்காலம் தொடங்குமுன் வழித்தடத்தை மாற்றிவிட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேறு வேலையில் இருந்தேன். "அப்படியா" என்றேன்.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. ஓய்வு பெற்று அரியலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு நாள் மனைவியோடு வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பினேன். பெரிய சாலையில் பாலம் வேலை என்று உள்வழியில் திருப்பி விட்டார்கள். அந்த வழி அந்த ஊருக்குள் போகிறது. நுழைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

பாதிச் சாலையில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தது. எதிரே ஒரு லோடு ஆட்டோ, பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார்கள். அதற்கு வழி விடுவதற்காகக் காரை நிறுத்தினேன். சோளத்தைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தாள். தலை நரைத்திருந்தது.

"நீங்க அந்தக் கணக்கெடுக்க வந்த சாருதானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாம்மா," என்றேன்.

"மறுபடி வரேன்னீங்க."

நான் லோடு ஆட்டோ தாண்டிவிட்டதா என்று எதிரே பார்த்தேன்.

"காப்பு அவுத்த மறுநாள்லேர்ந்து ஒரு வாரம் பாத்தோம் சார். நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். சாரு எண்ண வருவாரு, ஒருத்தரும் வண்டியில தொத்திக்கிட்டுப் போயிடாதீங்க, எல்லாரும் மரத்தடிக்கு வாங்கன்னு. எதுத்த வூட்டுப் பெருசு இல்ல, எங்கயும் போவாதவரு, அவருகூட வேட்டியெல்லாம் துவச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. இப்ப இல்ல, செத்துட்டாரு."

"பொண்ணு?" என்று கேட்டேன்.

"ஒண்ணர வருசம் படிச்சா. பஸ்ஸு நின்னதும் மெயின் ரோட்டுக்கு நடந்து போயி ஏறுனா. ஏரி வழிஞ்சா பாதையில முட்டி மட்டும் தண்ணி. ரெண்டு மழைக்காலம் அப்படிப் போனா. ஒரு நாளு பொழுது போயி ஈரத் துணியோட வந்தா. போதும், இனிமே போவ வேணாம்னுட்டாரு அவங்கப்பா. வேப்பூரு பக்கம் கட்டிக் குடுத்துட்டோம். ரெண்டு புள்ளைங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது, காய்ந்தது என்பது போலச் சொன்னாள். ஏன் அப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. நான் எடுத்த கணக்குக்கும் பேருந்துக்கும் இருந்த தொடர்பை அவள் யோசித்திருக்கவில்லை. நான் வராமல் போனதை மட்டும்தான் குறையாக வைத்திருந்தாள்.

"அதெல்லாம் மேல எடத்துல எடுக்கற முடிவும்மா," என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினேன்.

"யாரு?" என்றாள் மனைவி.

"சர்வேக்கு வந்தப்ப பழக்கம்."

அன்றிரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள், என் மனதைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்திருப்பேன் போல. அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அங்க போயி சொல்லுங்க."

அங்கே போக எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பகலில் தனியாகப் போனேன். அவள் வீட்டு வாசலில் அதே இடத்தில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. காப்பு வாரத்துக் கணக்கு செல்லாது என்று எனக்குத் தெரியும், மறுபடி வருவதற்கு நேரம் இருந்தது, வரவில்லை, கேட்டவர்களிடம் உங்கள் ஊரில் யாரும் வெளியே போக மாட்டார்கள் என்று சொன்னேன், அதனால்தான் பேருந்து நின்றது என்றேன்.

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நாங்க தலகீழா நின்னு மனு குடுத்தமே, அதுக்கெல்லாம் இதுதான் பதிலா?" என்றாள். "பயணிகள் இல்ல, பயணிகள் இல்லன்னே சொன்னாங்க. நாங்க முழுசா முன்னால நின்னுக்கிட்டு இருக்கோம், எங்களப் பாத்தே இல்லங்கறாங்களேன்னு இருக்கும்."

"பஸ்ஸ திரும்பக் கேக்கலாம்மா. நானே கணக்கெடுத்து எழுதிக் குடுக்கறேன்."

"எடுங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் தினமும் விடியற்காலையில் போனேன். ஐந்தரை மணியிலிருந்து ஒன்பது வரை மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினேன். மோட்டார் சைக்கிள், மொபெட், லோடு ஆட்டோ, நடந்து போகிறவர்கள். பேருந்துக்கு நிற்பவர்கள் யாரும் இல்லை. பேருந்தே இல்லாத இடத்தில் எப்படி நிற்பார்கள்? என் தொழிலில் இது பழைய சிக்கல். இல்லாத ஒன்றுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை நின்று எண்ண முடியாது. அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். காலையில் பேருந்து வந்தால் யார் ஏறுவீர்கள்?

பேருந்து நின்ற பிறகு வாங்க முடிந்தவர்கள் எல்லாம் வண்டி வாங்கிவிட்டார்கள். சில குடும்பங்கள் பெரம்பலூருக்கே குடி போய்விட்டன. கீரை போட்டவர்கள் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள், அதற்குச் சந்தைக்கு அலைய வேண்டாம், வியாபாரி வந்து ஏற்றிக்கொள்வான். "இப்ப எதுக்கு சார் பஸ்ஸு? பைக்ல போயிட்டு வந்துடறோம்," என்றார்கள் ஆண்கள். வண்டி ஓட்டத் தெரியாத பெண்கள், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், கண் தெரியாத ஒருவர். நிச்சயமாக ஏறுகிறவர்கள் என்று கூட்டிப் பார்த்தால் பதினொரு பேர்.

நான் பொய்யாக எழுதிய ஊர், பன்னிரண்டு வருடத்தில், நான் எழுதியபடியே ஆகிவிட்டிருந்தது.

அந்தப் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். எண்ணைப் பார்த்தாள்.

"அம்பதுன்னு எழுதுங்க," என்றாள்.

"பதினொண்ணுதாம்மா இருக்கு."

"தெரியுது. அன்னிக்கி அம்பது பேரு இருந்தோம், நீங்க ஒண்ணுமில்லன்னு எழுதுனீங்க. இன்னிக்கி ஒண்ணுமில்ல, அம்பதுன்னு எழுதுங்க. நேராப் போயிடும்."

"மறுபடி பொய் எழுத முடியாதும்மா."

"எங்களுக்கு எதுரா எழுதறப்ப கை வந்துச்சு," என்றாள். "எங்களுக்காக எழுதுங்கன்னா வர மாட்டேங்குதா? நல்லா இருக்கு சார் ஒங்க ஞாயம்."

பேருந்து கேட்டு எழுதிய மனுவில் பதினொன்று என்றுதான் போட்டேன். கூடவே மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம். முன்பு கொடுத்த கணக்கு எந்த வாரத்தில் எடுக்கப்பட்டது, அது ஏன் செல்லாது, அதை நான் எப்படி மறைத்தேன், இப்போது ஆள் குறைந்திருப்பதற்குப் பேருந்தை நிறுத்தியதே காரணம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். அங்கிருந்து அது சுற்றிப் பேருந்துக் கழகத்து அதிகாரி ஒருவரிடம் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மகன் வயது.

"உக்காருங்க சார். மனு சரி. இந்த லெட்டர் எதுக்கு? அந்த ரிப்போர்ட்டே யார்கிட்டயும் இல்ல. இத வச்சு யாரு மேல என்ன பண்றது? நீங்களும் ரிட்டயர்டு. எடுத்துட்டுப் போயிடுங்களேன், உங்களுக்குத்தான் மரியாத."

"கோப்புல இருக்கட்டும் சார்," என்றேன்.

"சரி, இருக்கட்டும்," என்றார். தண்டனை வேண்டும் என்று நான் போகவில்லை. ஆனாலும் இவ்வளவு எளிதாக அது ஒரு கோப்பின் பச்சைக் கயிற்றில் கோக்கப்பட்டுவிடும் என்று நினைக்கவில்லை.

மகளைப் பார்க்காமல் இதை முடிக்க முடியாது என்று தோன்றியது. தாயிடம் விலாசம் கேட்டுக்கொண்டு வேப்பூர்ப் பக்கம் போனேன். தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். தாயிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். தொலைநிலைக் கல்வியில் விட்ட இடத்திலிருந்து படிக்க முடியும் என்று விசாரித்து ஒரு விண்ணப்பமும் வாங்கிப் போயிருந்தேன். அதை மெஷின்மேல் வைத்தேன்.

அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு வேணாம் சார். தப்பா நெனச்சுக்காதீங்க." மெஷினில் தொங்கிய நூலை அறுத்துவிட்டுச் சொன்னாள்: "தெரியாத யாரோ, எங்கயோ உக்காந்துக்கிட்டு, ஊரத் தெரியாம எழுதிட்டாங்கன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுவே பரவாயில்லாம இருந்துச்சு. நீங்க வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம்."

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் கேட்கிறவருக்கு ஏதோ கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் படி ஏறியிருந்தேன். இறங்கும்போது என் பாரத்தில் கொஞ்சத்தை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

மனு கொடுத்த ஐந்தாவது மாதம் பேருந்து வந்தது. போய்வர ஒரே ஒரு நடை, காலை ஏழு இருபதுக்கு, மூன்று மாதச் சோதனை ஓட்டம். ஏறுகிறவர்களை எண்ண இந்தத் தடவை ஊருக்குத் தனி ஸ்டேஜ் போட்டிருந்தார்கள். ஆள் ஏறாவிட்டால் எடுத்துவிடுவார்கள். முதல் நாள் போய்ப் பார்த்தேன். ஒன்பது பேர் ஏறினார்கள். அந்தப் பெண் ஏறவில்லை, தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதன் பிறகு போகவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அந்த அதிகாரியே போன் செய்தார்.

"சார், உங்க ஊரு டிரிப்ப இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சிருக்கோம். சராசரி பதினாலு பேரு ஏறறாங்க. நீங்க பதினொண்ணுன்னுதானே போட்டிருந்தீங்க? பரவால்ல, கூடத்தான் வந்திருக்கு."

எனக்கு மகிழ்ச்சியைவிடத் திகைப்புதான் வந்தது. அந்த ஊரில் பதினொரு பேருக்குமேல் இல்லை. வீடு வீடாகக் கேட்டவன் நான். மறுநாளே போனேன்.

அந்தப் பெண் மரத்தடியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரோடு நின்றிருந்தாள். முறை போட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு இப்போது டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, கண்டக்டர் இலவசச் சீட்டுதான் கிழித்துக் கொடுப்பார், அதுவும் கணக்கில் ஏறிவிடும். அரியலூரில் வேலை இல்லாத பெண்களும் நாளுக்கு மூன்று பேராக, வீட்டுக்கு வீடு மாற்றி மாற்றி ஏறிப் போய் வருகிறார்கள். ஒரு நாள்கூடத் தவறவில்லையாம்.

"ஆபீஸ்ல சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள்.

அந்த மூன்று பேரும் பயணம் செய்வது உண்மை. அவர்களுக்கு எங்கும் போக வேண்டியதில்லை என்பதும் உண்மை. என் தொழிலில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை. நான் அதிகாரிக்குப் போன் செய்யவில்லை. இதை எழுதும் இந்த மாதம்வரை செய்யவில்லை. ஒரு கணக்கு சரியில்லை என்று தெரிந்தே நான் பேசாமல் இருப்பது இது இரண்டாவது தடவை.

"சொல்ல மாட்டேம்மா," என்றேன்.

பேருந்து வந்து நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்து, வலிக்கும் முட்டியை முதலில் தூக்கி வைத்து ஏறினாள்.

"ஒங்களுக்கு என்னம்மா வேல அரியலூர்ல?" என்று கீழே நின்று கேட்டேன்.

"எனக்கு என்ன வேல? எறங்கி ஒரு டீ குடிப்பேன். இதே பஸ்ஸுல திரும்பி வருவேன்," என்றாள். "இன்னிக்கி எம் மொறை."